குழந்தைகள் வார்டில் மரணம் பழகிவிடுமா?

வாசகர் கேள்வி: 8 ஜூன் 2024, மாலை 4.15

நான் நர்சிங் இறுதியாண்டு மாணவி. சென்ற வாரம் எனக்குக் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் போஸ்டிங். நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஐந்து வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். அவனுடைய அம்மா தரையில் விழுந்து கதறினார். பத்தே நிமிடத்தில் அந்த ஷிஃப்ட் சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலில் இருந்த குழந்தைக்கு மருந்து ஏற்றப் போய்விட்டார். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "போகப் போகப் பழகிவிடும்" என்று என் தோழிகள் சொல்கிறார்கள். பழகிவிடும் என்றால் அப்படியொரு மனம் எனக்கு வேண்டாம். பழகாது என்றால் நீங்களெல்லாம் எப்படி இருபது வருடம், முப்பது வருடம் இந்த வேலையில் இருக்கிறீர்கள்? அனுபவமுள்ள அக்காமார் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

8 ஜூன் 2024, இரவு 9.50

பழகாது.

இருபத்திரண்டு வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். முதல் நான்கு வருடம் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில், அதன்பின் இன்றுவரை குழந்தைகள் புற்றுநோய் வார்டில். கை பழகும், எந்தக் குழாயை முதலில் மூடுவது, யாருக்கு முதலில் தகவல் சொல்வது, அம்மாவை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதெல்லாம் பழகும். ஒரு குழந்தையின் மூச்சு நின்றபின் வார்டில் இறங்கும் அந்த அமைதி எனக்கு இன்றுவரை பழகவில்லை.

நீங்கள் பார்த்த அந்தச் சிஸ்டருக்காக நான் ஒன்று சொல்ல வேண்டும். கீமோ என்கிற புற்றுநோய் மருந்து ஏறி, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடியோடு இறங்கிப்போன குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியாக வேண்டும். தாமதித்தால் இரவுக்குள் அந்தக் குழந்தையின் ரத்த அழுத்தமும் விழுந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை இறந்துகொண்டிருந்தது என்பதற்காக அந்த ஒரு மணி நேரம் நின்று காத்திருக்காது. அவர் கையைக் கழுவிக்கொண்டு போனது அதற்காகவும் இருக்கலாம்.

முகத்தில் சலனம் இல்லை என்கிறீர்கள். திரை போட்டிருந்தாலும் அந்த வார்டில் மற்றக் குழந்தைகள் எல்லாரும் விழித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வருகிற சிஸ்டரின் முகத்தைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். அந்த முகத்தை ஒழுங்குசெய்துகொள்ள அவருக்குக் கிடைத்தது வாஷ்பேசினுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் இருக்கிற ஏழெட்டுக் காலடிகள் மட்டும்தான். நானும் அப்படித்தான் நடக்கிறேன். பெற்றோர் முன்னால் நான் அழுததில்லை.

9 ஜூன் 2024, காலை 8.30 (நைட் டூட்டி முடித்து)

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை யாரும் எழுதுவதில்லை. உங்கள் பாடப்புத்தகத்தில் அது உடலைத் தயார்செய்தல் என்று ஒரு பக்கத்தில் வரும். அதை நான் இங்கே எழுதிவிடுகிறேன்.

மானிட்டரை முதலில் அணைப்பேன். அலாரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் பெற்றோர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளையைப் பார்க்கமாட்டார்கள். பிறகு வென்ஃப்ளானை, அதாவது மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகி ஒட்டியிருக்கும் சின்னக் குழாயை, எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஊசி ஏறிய கை அது. பிளாஸ்திரிக்கு அடியில் தோல் வெளுத்து ஊறிப்போயிருக்கும். பிடித்து இழுத்தால் மேல்தோல் அதனுடனேயே வந்துவிடும். எங்கள் பழைய இன்சார்ஜ் சிஸ்டர் அதற்குத் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பார். பஞ்சில் தொட்டு, பிளாஸ்திரியின் ஓரத்தில் ஒற்றி ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரிப்பார். நான் சேர்ந்த புதிதில், "இனிமேல் அவனுக்கு வலிக்காதே சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையை நிறுத்தாமல், "அவங்க அம்மா பாத்துட்டு நிக்கிறாங்க இல்ல" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். தாயார் சுவரோரமாக நின்றுகொண்டு, மகனின் முகத்தை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நானும் எண்ணெய் வைத்துத்தான் எடுக்கிறேன். எடுத்த இடத்தில் ரத்தம் கசியும். உயிருள்ள குழந்தைக்கு அழுத்திப் பிடிப்பதைவிடக் கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கொலுசையோ அரைஞாண் கயிற்றையோ நானாக அவிழ்ப்பதில்லை. கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். கீமோவில் முடியெல்லாம் கொட்டிப்போன மகளின் கன்னத்தில், எல்லாம் முடிந்தபிறகு, மறுபடியும் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்துவிடச் சொன்ன அம்மாவுக்கு, வார்டில் மை இல்லாததால் பேனா மையைத் தொட்டு வைத்துவிட்டிருக்கிறேன்.

9 ஜூன் 2024, இரவு 11.20

ஒரு வாசகர், "மரணத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் செவிலியர்கள் சோர்ந்து போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். என் அனுபவம் அப்படி இல்லை. மரணம் துக்கம் தரும், ஆனால் துக்கத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியும். தூங்கவிடாமல் செய்வது வலியோடு போன பிள்ளையின் நினைவு.

2007. நான் இந்த வார்டுக்கு வந்த அடுத்த வருடம். பதினோரு வயதுப் பையன், தொடை எலும்பில் கட்டி, நுரையீரலுக்குப் பரவிவிட்டது. குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று சொல்லியாயிற்று. கடும் வலியை அடக்கும் மார்ஃபின் மருந்து வார்டில் இருந்தது. இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியில், ஒரு சாவி இன்சார்ஜிடமும் மற்றொன்று டூட்டியில் இருப்பவரிடமுமாக, பத்து மில்லிகிராம் மாத்திரைகள் எண்ணி வைக்கப்பட்டிருந்தன. அன்றிரவு டூட்டியில் இருந்த இளம் மருத்துவர், மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, மார்ஃபின் எழுத மறுத்துவிட்டார். அதைவிட வீரியம் குறைந்த பாராசிட்டமாலும் டிரமடாலும் எழுதினார். அந்தப் பையன் சத்தம் போட்டால் பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் எழுந்துவிடுவார்கள் என்று தலையணையின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தான். விடியற்காலையில் தலையணை உறையை மாற்றும்போது அதன் மூலை கிழிந்திருந்தது. அதை நான்தான் மாற்றினேன். அவன் மேலும் இரண்டு நாள் இருந்தான்.

அன்றைய நிலைமை அப்படித்தான் இருந்தது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப்பின் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கி வைக்கப் பல உரிமங்கள் தேவைப்பட்டன, அதனால் பல இடங்களில் அது கிடைக்காமலேயே போயிற்று. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைக் கையாளாமலேயே படித்து முடித்தார்கள். 2014 சட்டத் திருத்தம் வந்தபின்தான் ஓர் அனுமதியே போதும் என்று ஆனது. இறக்கும் நோயாளிகளின் பராமரிப்புக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் 1950களின் இறுதியிலேயே, வலி வந்தபின் கொடுக்காமல் வலி தலைதூக்கும் முன்பே, நேரம் பார்த்து மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று செய்து காட்டிவிட்டார். அவர் மருத்துவர் ஆவதற்கு முன்னால் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளின் வலிக்கென 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாதாரண வலி மருந்துக்கும் மார்ஃபினுக்கும் நடுப்படியாக இருந்த கோடீன் மருந்தை எடுத்துவிட்டு, கடும் வலிக்கு நேரே மார்ஃபினுக்குப் போகச் சொன்னது. எங்கள் பையன் இதற்கெல்லாம் முன்னால் போய்விட்டான்.

செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும் செய்யவிடாமல் தடுக்கப்படும் நிலையை ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற அமெரிக்க மெய்யியலாளர், செவிலியர்களைப் பற்றி எழுதும்போதுதான், 1984இல் அறவேதனை என்று பெயரிட்டார். எனக்கு அந்தச் சொல் தெரிய வந்தபோது பதினைந்து வருட சர்வீஸ் முடிந்திருந்தது. இதற்கொரு பெயர் இருக்கிறது என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

10 ஜூன் 2024, மதியம் 1.05

அவசரப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பி திருத்தம் அனுப்பியிருக்கிறார், சரியான திருத்தம். விபத்து, தீக்காயம், விஷம் போன்ற மெடிகோ லீகல் கேஸ் என்றால் பிரேதப் பரிசோதனை முடியும்வரை ஊசி, குழாய் எதையும் எடுக்கக் கூடாது. நான் எழுதியது நோயால் இறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும். மாணவிகள் படிப்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

12 ஜூன் 2024, மாலை 6.40

பெற்றோர் முன்னால் நான் அழுததில்லை என்று எட்டாம் தேதி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னோடு பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் போன் செய்தார். "நீ அழுததில்லையா? அந்தத் தர்மபுரிப் பாப்பாவுக்கு?" என்றார்.

உண்மை. நான் மறந்தே போயிருந்தேன், அல்லது மறக்க விரும்பியிருந்தேன். நான்கு வயதுப் பெண் குழந்தை, ரத்தப் புற்றுநோய், சிகிச்சை முடித்துப் போய் ஒன்றரை வருடம் கழித்து நோய் திரும்பி வந்தது. என்னை "ஊசியக்கா" என்றுதான் கூப்பிடுவாள். கடைசி நாளில் நினைவு தப்பும் முன் அவள் கேட்டது என் கையிலிருந்த நான்கு நிறப் பேனாவை. கொடுத்தேன். அவள் போனபின் அவளுடைய அப்பா அந்தப் பேனாவை மூடி, சட்டையில் துடைத்து, "இந்தாங்க சிஸ்டர், உங்களுது" என்று நீட்டினார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. அந்த மனிதர்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

இன்சார்ஜ் என்னைத் திட்டினார், அவர்களைத் தேற்ற வேண்டியவள் நீ என்று. பல வருடம் அதை என் தவறாகவே நினைத்திருந்தேன். மூன்று வருடம் கழித்து அந்தத் தம்பதி அடுத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தபோது, அந்தத் தாய் எங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "எங்களோட சேந்து அழுத சிஸ்டர் நீங்க" என்றார். அவருக்கு என் மருந்துகளும் ராத்திரிகளும் நினைவில் இல்லை. அது ஒன்றுதான் நினைவில் நின்றிருக்கிறது.

ஆகவே முதல் குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். பெற்றோர் முன்னால் அழலாம். அவர்களைவிட அதிகமாக அழக்கூடாது, அவர்கள் நம்மைத் தேற்ற வேண்டிய நிலையை நாமாக உண்டாக்கக் கூடாது. அன்று எனக்கு அந்த எல்லை தாண்டிப்போயிற்று, அதை அவர்கள் மன்னித்துவிட்டார்கள்.

15 ஜூன் 2024, இரவு 10.10

"பிள்ளைகளுக்குத் தெரியுமா, நீங்கள் சொல்வீர்களா?" என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள்.

தெரியும். அமெரிக்க மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970களில் ரத்தப் புற்றுநோய் வார்டில் மாதக்கணக்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கண்டறிந்தது அதைத்தான். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுவரையிலான பிள்ளைகள், யாரும் சொல்லாமலேயே, ஊசிகளையும் பெரியவர்களின் கிசுகிசுப்பையும் பார்த்து, அதே நோயுள்ள இன்னொரு பிள்ளை போவதையும் பார்த்து, தாமும் இறக்கப்போவதைத் தெரிந்துகொண்டிருந்தார்கள். அதைவிடத் துயரம், பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்று தெரிந்ததனால் தெரியாததுபோல் நடந்துகொண்டதும் அந்தப் பிள்ளைகள்தான்.

அந்த வார்டும் எங்கள் வார்டும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் கலர் பென்சில் பெட்டியை ஒவ்வொன்றாகப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தாள். பச்சை இந்தத் தம்பிக்கு, நீலம் அந்த அக்காவுக்கு. அவளுடைய அம்மா, "ஏன்டி எல்லாத்தையும் குடுக்கற, நாளைக்கு நீ எதுல வரைவ?" என்று கேட்டார். அவள் உடனே, "அப்பா புதுசு வாங்கித் தருவாரும்மா" என்றாள். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வேண்டுகோள் இருந்தது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள் என்று. அதே அம்மா அன்று காலையில்தான் நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்குத் தெரியக் கூடாது சிஸ்டர்" என்று கெஞ்சியிருந்தார். இருவருக்கும் நடுவில் நான் நின்றேன். ஒரே ரகசியத்தை இருவரும் தனித்தனியாக என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

அதை நான் உடைக்கவில்லை. அது சரியா என்று இன்றுவரை எனக்குள் விவாதம் நடக்கிறது. இப்போதெல்லாம் பெற்றோரிடம் தனியாகப் பேசுகிறேன். "நீங்களாகச் சொல்ல வேண்டாம், ஆனால் அவள் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள்" என்கிறேன். பல நேரங்களில் பிள்ளை கேட்பது சாவைப் பற்றியே இருக்காது. தனியாக விட்டுவிடுவீர்களா என்பதுதான் கேள்வியாக இருக்கும். அதற்கு எந்தத் தாயாலும் உண்மையான பதில் சொல்ல முடியும்.

16 ஜூன் 2024, காலை 7.15

நேற்றைய குறிப்பில் தாய்மார்களைக் குறை சொல்வதுபோல் ஒரு தொனி வந்துவிட்டது. அது என் எண்ணம் அல்ல. "சொல்லக் கூடாது" என்று கெஞ்சுகிற தாய்க்குத் தானே அந்த வாக்கியத்தைக் கேட்கப் பயம். வாயால் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று நம்புகிற வீடுகளில்தான் நாம் எல்லாரும் வளர்ந்தோம்.

20 ஜூன் 2024, இரவு 9.00

"எட்டி நின்று வேலை செய்யப் பழகினால் மனம் தப்பிக்கும் அல்லவா?" என்று ஒரு நர்சிங் ஆசிரியர் கேட்கிறார். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல வருடம் நம்பினேன்.

இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களைக் கவனித்து 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். நோயாளியோடு நெருங்கினால் வரும் பதற்றத்தைத் தவிர்க்கவே வேலைகள் சின்னச் சின்னதாகப் பிரிக்கப்பட்டிருந்தன என்பது அவர் கண்டது. ஒருத்தி எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் படுக்கை மாற்றுவாள், யாரும் ஒரு நோயாளியோடு முழுதாக இருக்கமாட்டார்கள். நோயாளிக்குப் பெயர் கிடையாது, "பத்தாம் படுக்கைக் கல்லீரல்" என்பார்கள். இத்தனை செய்தும் பதற்றம் குறையவில்லை. பயிற்சிக்கு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலேயே போய்விட்டார்கள். அதிலும் நல்ல செவிலியராக வரக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் எங்கள் ஹேண்டோவரில் "ஏழாம் பெட் ஏ.எல்.எல்." என்று இன்றும் சொல்கிறோம், ஏ.எல்.எல். என்பது ஒருவகை ரத்தப் புற்றுநோய். வேகத்துக்காகச் சொல்கிறோம் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நன்றாக இருக்கும் பிள்ளைகளைப் பெயர் சொல்லித்தான் சொல்கிறோம். மோசமாகப் போகும் பிள்ளைதான் ஒரு நாள் திடீரென்று பெட் நம்பராகிவிடுகிறது. கடைசியில் "பாடி" ஆகிறது. சீட்டில் என்ன எழுதினாலும் சரி, என் ஷிஃப்டில் வார்டு பாய் வந்து "பாடி எங்க சிஸ்டர்?" என்று கேட்டால், நான் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கைகாட்டுவேன். இதற்கு ஒரு வினாடிகூடக் கூடுதலாக ஆகாது.

எட்டி நின்ற வருடங்களில் எனக்கு அழுகை குறையவில்லை, அது வேறு இடத்தில் வந்தது. என் மகனுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால் இரவு முழுவதும் அவன் கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவிக்கொண்டிருப்பேன். அவன் கையில் ரத்தம் கன்றிய நீலத் தடம் ஒன்றைப் பார்த்தால் விளையாடி விழுந்தது என்று அவன் சொன்னாலும் நம்பாமல் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போயிருக்கிறேன், மூன்று முறை. குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் அம்மாக்களுக்கு இது தெரியும்.

23 ஜூன் 2024, மதியம் 3.30

இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று: வீட்டுக்குப் போகிற பிள்ளைகள்.

நம் பக்கத்தில் பலருக்குப் பிள்ளையின் உயிர் வீட்டில் போக வேண்டும். செலவும் அதில் இருக்கிறது. இறந்தபின் ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி வாடகை வேறு, ஊர்க்கட்டுப்பாடு வேறு. ஆனால் பணத்துக்காக மட்டும் இல்லை. பாட்டி பார்க்க வேண்டும், நாய்க்குட்டி பார்க்க வேண்டும், வாயில் ஒரு சொட்டுப் பால் ஊற்ற வேண்டும். "மருத்துவ ஆலோசனைக்கு மாறாக" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்கும்போது, தப்புச் செய்தவரைப்போல அந்த அப்பாக்கள் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அந்த வாசகம் எனக்குப் பிடிப்பதேயில்லை. செய்வதற்கு வேறு சிகிச்சை இல்லாதபோது எந்த ஆலோசனைக்கு மாறாக அவர் போகிறார்?

நான் செய்யக்கூடியது, அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் இருப்பது. மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை மில்லி என்று ஊசியில்லாத சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பேன். கூடவே மலமிளக்கியும் கட்டாயம். வலிப்பு வரக்கூடிய பிள்ளையாக இருந்தால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம். கடைசியில் தொண்டையில் கறகற என்று சத்தம் வரும், அது பிள்ளை மூச்சுத் திணறித் தவிப்பதல்ல, விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில், பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் அந்தச் சத்தம் அந்தத் தாயின் காதில் ஆயுளுக்கும் இருக்கும்.

பிறகு ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். அதோடு எங்களுக்குக் கதை பாதியில் நின்றுவிடும். எத்தனையோ பிள்ளைகள் எந்த நாளில் போனார்கள் என்றே எனக்குத் தெரியாது. சிலர் போன் செய்வார்கள், "நேத்து நைட்டு சிஸ்டர். தூக்கத்துலயே" என்பார்கள். காய்கறிக் கடையில் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறேன். யாரிடம் சொல்வது? எனக்கு அந்தப் பிள்ளை உறவில்லை. லீவு கிடையாது, பதினாறாம் நாள் கிடையாது, தலைக்குக் குளித்து முடித்துக்கொள்ளும் ஒரு சடங்குகூடக் கிடையாது. அழ உரிமை இல்லாதவர்களின் துக்கத்துக்குக் கென்னத் டோகா 1989இல் பெயர் சூட்டினார். அங்கீகாரமற்ற துக்கம் என்று தமிழில் சொல்லலாம். நான் அன்று வெண்டைக்காயை எடைபோட்டு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

24 ஜூன் 2024, இரவு 11.45

நேற்று எழுதியபின் பச்சிளங்குழந்தைப் பிரிவின் நினைவு வந்துவிட்டது. அங்கே நான் கையில் பிடித்து வழியனுப்பிய பிள்ளைகளில் பலருக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. மரணக் காரணச் சான்றிதழில் வயது எழுதும் இடத்தில், ஒரு வயதுக்குக் கீழே என்றால் மாதக் கணக்கு, ஒரு மாதத்துக்குக் கீழே என்றால் நாள் கணக்கு, ஒரு நாளுக்குக் கீழே என்றால் மணிக் கணக்கு. "11 மணி" என்று மருத்துவர் எழுதும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்தப் பதினோரு மணி நேரத்தில் ஒன்பது மணி நேரம் அவள் என் பொறுப்பில் இருந்தாள்.

பிள்ளை போனது உடம்புக்குத் தெரியாமல் தாய்க்கு மூன்றாம் நாள் பால் சுரந்துவிடும். பிள்ளை போய் மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து கிடக்கும் தாயைப் பார்ப்பதைவிடக் கடினமான காட்சி எனக்கு அந்த நான்கு வருடத்தில் இல்லை. மாத்திரை கொடுப்போம். வீட்டுப் பெரியவர்கள் மல்லிகைப் பூவைத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பால் வற்றுவதற்கு நம் ஊர்களில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை, பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் வேலை செய்கிறது என்றே சொன்னது. பல வருடங்களாகக் கடைத்தெருவில் மல்லிகை மணம் வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரசவ வார்டின் அந்த மூலைக் கட்டில்தான். என் தங்கை கல்யாணத்திலும் கனகாம்பரம்தான் வைத்துக்கொண்டேன்.

30 ஜூன் 2024, இரவு 1.20

ஒன்பதாம் தேதி நான் எழுதிய 2007 பையனைப் பற்றி முழு உண்மையை எழுதவில்லை. மூன்று வாரமாக அது உறுத்திக்கொண்டிருக்கிறது.

இளம் மருத்துவர் மறுத்தார் என்று எழுதினேன். அது நடந்தது. ஆனால் மேலே இருந்த மூத்த மருத்துவரின் எண் வார்டு போன் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்தது. இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பினால் என்ன சொல்வாரோ, இளம் மருத்துவரைத் தாண்டிப் போனேன் என்று நாளை என்ன பேச்சு வருமோ என்று நான் பயந்தேன். ரிசீவரை ஒரு முறை கையில் எடுத்து, வைத்துவிட்டேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த அந்த மூத்த மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்தவுடனேயே மார்ஃபின் எழுதினார். "ராத்திரியே ஏன் எனக்குச் சொல்லல?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடைசி இரண்டு நாள் அந்தப் பையன் வலியில்லாமல்தான் இருந்தான். அவன் வலியோடு போகவில்லை. அந்த ஓர் இரவுதான் வலி, அந்த ஓர் இரவு என் இரவு.

தடுக்கப்பட்டேன் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. பாதி மட்டுமே தடுக்கப்பட்டேன். அந்த இளம் மருத்துவருக்கும் பயம், எனக்கும் பயம். இருவருக்கும் நடுவில் பிள்ளை தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான். அதன்பின் இன்றுவரை எந்த இரவிலும் எந்த மருத்துவரையும் எழுப்பத் தயங்கியதில்லை. திட்டு வாங்கியிருக்கிறேன்.

3 ஜூலை 2024, மாலை 5.10

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு ஆறுதல் எழுதியவர்களுக்கு வணக்கம். இப்போது என்னதான் மாறியிருக்கிறது என்று கேட்டவர்களுக்காக.

எங்கள் வார்டில் மூன்று வருடமாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்த ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்பவர் ஆரம்பித்தது. உயிர் பிரிந்தபின் அறையில் இருக்கும் எல்லாரும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அசையாமல் நிற்பது, அவ்வளவுதான். நாங்கள் பிள்ளையின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு நிற்கிறோம். முதல் தடவை எங்களுக்கே கூச்சமாக இருந்தது. துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்களோடு நின்றார். அவரும் அந்தப் பிள்ளைக்கு எட்டு மாதம் வாந்தி துடைத்தவர். அதுவரை அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

மாறாதவையும் உண்டு. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒரு செவிலியர் என்பது விதி. இரவில் ஒருவர் மூன்று பிள்ளைகளைப் பார்க்கிற இடங்கள் எனக்குத் தெரியும். பிள்ளை போன கட்டில் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும், வெளியே காத்திருக்கும் பிள்ளைக்கு அது வேண்டும்தான். ஆனால் அந்தக் கட்டிலுக்குப் புதிதாக வரும் பிள்ளையை வேறொரு சிஸ்டருக்குக் கொடுங்கள் என்று இன்சார்ஜ் ஆனபின் நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆள் இருக்கும் நாட்களில் நடக்கிறது.

இன்னொன்று, நல்ல செய்திகளையும் வேண்டுமென்றே வார்டுக்குள் கொண்டுவருகிறோம். வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்குமேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அது மிகவும் குறைவு, 2030க்குள் உலகெங்கும் அறுபதையாவது எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. பிழைத்தவர்கள் வார்டுக்குத் திரும்பி வரமாட்டார்கள், அதனால் எங்கள் கணக்கில் சாவு மட்டுமே சேரும். ஃபாலோ அப்புக்கு வருபவர்களை இப்போது மேலே கூப்பிட்டுப் பார்க்கிறோம். போன மாதம் மீசை முளைத்த ஒருவன் வந்து நின்றான். நரம்பு கிடைக்காமல் நான் ஐந்து தடவை குத்திய பையன். அந்தத் தழும்பை எனக்குக் காட்டத்தான் வந்தானாம்.

7 ஜூலை 2024, காலை 9.30

கேள்வி கேட்ட தங்கை மறுபடி எழுதியிருக்கிறார். அந்தச் சிஸ்டரைப் போய்ப் பார்த்தாராம். இருவரும் கேன்டீனில் டீ குடித்தார்களாம். என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை, அது அவர்களுக்குள் இருக்கட்டும். அடுத்த மாதம் இன்டர்ன்ஷிப்புக்குக் குழந்தைகள் வார்டையே கேட்டு வாங்கியிருக்கிறாராம். அவருடைய ஒரே சந்தேகம், பிளாஸ்திரி எடுக்க என்ன எண்ணெய், எவ்வளவு நேரம் என்பது.

சாதாரணத் தேங்காய் எண்ணெய் போதும். பிளாஸ்திரியின் மேலே ஊற்றாதீர்கள், உள்ளே இறங்காது. ஓரத்தில் ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு, உரித்த இடத்தின் அடியில் மறுபடி ஒற்ற வேண்டும். ஒரு கை உரிக்கும்போது மற்றக் கையின் விரல் தோலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஐசியூவில் ஏசியைக் குறைத்து வைத்திருப்பதால் பாட்டிலில் எண்ணெய் உறைந்துபோய் வெள்ளையாக நிற்கும், வேண்டிய நேரத்தில் வராது. அதனால் சின்ன பாட்டிலாக வாங்கி யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூட்டில் இளகியே இருக்கும்.